வயிற்றில் வைத்து வாசிக்கும் வில்

சண்டையும் நடனமும் கலந்த, பிரேசில் நாட்டுக் கபோய்ரா ஆட்டத்தைப் பார்ப்பவர்களின் கண் கால்களில்தான் இருக்கும். ஒருவர் கையை ஊன்றிச் சுழன்று உதைப்பார். மற்றவர் தரையோடு தரையாகக் குனிந்து அந்த உதையைத் தலைக்கு மேல் போகவிடுவார். ஆனால் வட்டத்துக்குள் யார் எப்போது நுழைவது, எவ்வளவு வேகமாக ஆடுவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் முடிவு செய்வது ஆடுகிற இருவரும் அல்ல. ஓரத்தில் ஆளுயர வில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாரே, அவர்தான். அந்த வில்லின் பெயர் பெரிம்பாவ்.

ஒரு கம்பு, ஒரு கம்பி, ஒரு சுரைக்குடுக்கை. அவ்வளவுதான் வாத்தியம். பிரேசிலின் பஹியா மாநிலத்தில் வில்லுக்கு விரும்பி எடுப்பது பிரிபா மரத்தின் கம்பு. வளைத்தால் உடையாது, விட்டால் நிமிர்ந்துகொள்ளும். நீளம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கம்பியை இப்போதெல்லாம் பழைய டயரின் விளிம்பிலிருந்து உரித்தெடுக்கிறார்கள். வாசித்து முடித்ததும் கம்பியைத் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பு வளைந்தபடியே பழகி, அதன் விறைப்பு போய்விடும். வில்லின் கீழ் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி, காயவைத்துச் சுரண்டிய குடுக்கை. அதன் முதுகில் இரண்டு துளை போட்டுக் கோத்த கயிறு, வில்லையும் கம்பியையும் சேர்த்து இறுக்குகிறது. அந்தக் கயிற்றுக்கு அடியில் சுண்டுவிரலை நுழைத்துத்தான் மொத்த எடையையும் தாங்க வேண்டும். புதிதாகப் பழகுபவர்களுக்கு அந்த விரல் நன்றாக வலிக்கும். அதே கையின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு நாணயமோ தட்டையான கல்லோ இருக்கும். மறு கையில் மெல்லிய குச்சியும், கஷிஷி என்ற சின்னக் கிலுகிலுப்பையும்.

குடுக்கை இல்லாமல் கம்பியை மட்டும் தட்டினால் நாலடி தள்ளி நிற்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. ஒலி பிறக்கக் காற்றைத் தள்ள வேண்டும். மெல்லிய கம்பியோ காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர, அதிகம் தள்ளாது. கயிறு அந்த அதிர்வைக் குடுக்கைக்குக் கடத்துகிறது. குடுக்கையின் சுவரும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து அதிரும்போதுதான் ஒலி வட்டத்தைத் தாண்டிப் போகிறது.

ஒற்றைக் கம்பியிலிருந்து முக்கியமாக மூன்று ஒலிகள் வருகின்றன. நாணயம் படாமல் தட்டினால் தாழ்ந்த சுரம். நாணயத்தை அழுத்தித் தட்டினால் அதிரும் நீளம் குறைந்து சுரம் ஏறும். ஒரு மீட்டர் கம்பியில் சுமார் 6 செ.மீ. குறைந்தால் அரைச் சுரமும், 11 செ.மீ. குறைந்தால் முழுச் சுரமும் ஏறும் என்பது கணக்கு. பெரிம்பாவின் ஏற்றம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில்தான். மூன்றாவது, நாணயம் பட்டும் படாமலும் இருக்கும்போது வருவது. அதிரும் கம்பி நாணயத்தில் மோதி மோதித் திரும்புவதால் 'ச்ச்' என்ற இரைச்சல் எழுகிறது. இந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் கோத்தால் தாளம்.

அப்புறம் வயிறு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். குடுக்கையின் திறந்த வாய் வாசிப்பவரின் வயிற்றைப் பார்த்து இருக்கும். அதை வயிற்றோடு சேர்த்து வைத்தால் வாய் மூடிக்கொள்ளும், கொஞ்சம் விலக்கினால் திறக்கும். கூடு ஒன்றின் வாய் குறுகக் குறுக, உள்ளே இருக்கும் காற்று இயல்பாக அதிரும் வேகம் தாழ்ந்துகொண்டே போகும். கம்பியின் அடிப்படைச் சுரத்தோடு பிறக்கும் மேற்சுரங்களில், குடுக்கை அந்தந்த நொடியில் எதற்கு இசைகிறதோ அது தூக்கலாகக் கேட்கும். 'ஆ' என்று குரல் கொடுத்தபடி உள்ளங்கையால் வாயை மூடி மூடித் திறந்து பாருங்கள். தொண்டை எதையும் மாற்றவில்லை, ஆனாலும் 'வா வா வா' என்று ஒலி உருமாறும். பெரிம்பாவில் நடப்பதும் அதுவே.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு மோர்சிங் நினைவுக்கு வந்திருந்தால், அது சரியான நினைவு. போர்ச்சுகீசிய மொழியில் பெரிம்பாவ் என்பது முதலில் மோர்சிங் வகை வாத்தியத்தின் பெயர். அதில் வாய்க்குழி செய்யும் வேலையை இங்கே குடுக்கையும் வயிறும் செய்கின்றன. அதனால் வில்லுக்கு 'வயிற்றுப் பெரிம்பாவ்' என்ற பெயர் வந்தது.

போர்ச்சுகீசியர் வைத்த பெயர் அது. வாத்தியம் அவர்களுடையது அல்ல. அங்கோலாவில் ஹுங்கு என்றும் உம்புலும்பும்பா என்றும் சொல்லப்படும் குடுக்கை வில்கள் இதன் நெருங்கிய உறவுகள். அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். பிரேசிலில் உயிரோடு கரையிறங்கியவர்கள் மட்டும் ஏறக்குறைய 48 லட்சம். அங்கோலாவின் லுவாண்டாதான் அந்த வணிகத்தின் மிகப் பெரிய ஏற்றுமதித் துறைமுகம். ஏற்றுமதி என்று மனிதர்களைச் சொல்ல வேண்டியிருப்பது மனதை அறுக்கிறது. கையில் எதையும் கொண்டுவர அவர்களை விடவில்லை. ஆனால் எந்தக் கம்பு வளையும், குடுக்கையை எங்கே கட்டினால் ஒலி திரளும் என்ற அறிவு தலைக்குள் இருந்தது. புது மண்ணில் வேறு மரம் கிடைத்தது, வேறு கம்பி கிடைத்தது, வாத்தியம் மறுபடி பிறந்தது.

1822இல் ஹென்றி சேம்பர்லின் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ரியோ டி ஜெனிரோ காட்சிகளை ஓவியங்களாக வெளியிட்டார். அதில் வருகிற சந்தைக் காட்சியில் இந்த வில் இருக்கிறது. குடுக்கை வெறும் வயிற்றில் படுவதால், வாசிப்பவர் இசையைக் கேட்பதோடு உடம்பிலும் உணர்கிறார் என்று அவர் குறித்து வைத்தார். ஆனால் 1835இல் வெளியான, ஜெர்மன் ஓவியர் ருகெண்டாஸின் புகழ்பெற்ற கபோய்ரா படத்தில் வில் இல்லை, மேளம்தான் இருக்கிறது. வில்லும் ஆட்டமும் பிறகுதான் கைகோத்திருக்க வேண்டும். சண்டையை நடனம்போலக் காட்டி எசமானர்களை ஏமாற்றினார்கள் என்று அடிக்கடி சொல்லப்படும் கதையை நான் கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் சான்றுகளில் பெரும்பகுதி ரியோ நகரத் தெருக்களிலிருந்து, காவல்துறைப் பதிவேடுகளிலிருந்து வருகிறது. அங்கே கபோய்ரா ஒளிந்திருக்கவில்லை. தெரிந்தே பிடித்தார்கள், தெரிந்தே சவுக்கால் அடித்தார்கள்.

1888 மே 13இல் பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது. இரண்டே ஆண்டில், 1890இன் தண்டனைச் சட்டம் தெருவில் கபோய்ரா ஆடுவதைக் குற்றமாக்கி 2 முதல் 6 மாதம் வரை சிறை விதித்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உடம்பைக் கண்டு அரசுக்கு இருந்த அச்சம்தான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். இந்த அடக்குமுறைக் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது 'கவலாரியா' என்ற தாளம், அதாவது குதிரைப்படை. குளம்போசைபோல ஓடும் அந்தத் தாளம் எழுந்தால், குதிரைப் போலீஸ் வருகிறது, கலைந்துவிடுங்கள் என்று பொருளாம். ஆசான்கள் வாய்மொழியாகச் சொல்லிவருவது இது. தாளம் இன்றும் வாசிக்கப்படுகிறது.

வட்டத்துக்கு ரோடா என்று பெயர். பிரேசிலில் ஹோடா என்பார்கள். 'கபோய்ரா அங்கோலா' என்ற பழைய பாணியில் மூன்று வில்கள். பெரிய குடுக்கை உடைய குங்கா அடித்தளம் போடும். நடுத்தரமான மெடியோ அதைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லும். குங்கா தாழ்ந்து ஏறினால் இது ஏறித் தாழும். சின்னதான வியோலா இரண்டுக்கும் நடுவில் விளையாடும். ஆடப்போகும் இருவரும் முதலில் குங்காவின் காலடியில் வந்து குந்த வேண்டும். தாளம் நிதானமாக இருந்தால் ஆட்டமும் தரையை ஒட்டி நிதானமாக ஓடும், வேகம் பிடித்தால் எழும்பும். ஆட்டம் சூடேறிச் சண்டையாகப் போகிறது என்று தோன்றினால் குங்காக்காரர் இருவரையும் மறுபடி வில்லின் காலடிக்கு அழைப்பார். அவர்கள் வந்தே ஆக வேண்டும்.

தடையை உடைத்ததில் மெஸ்த்ரே, அதாவது ஆசான், பிம்பாவுக்குப் பெரிய பங்கு உண்டு. சால்வடோர் நகரில் 1932இல் பள்ளி தொடங்கி, 1937இல் அதற்கு அரசு அனுமதியும் பெற்றார். வேகமான புதுப் பாணி ஒன்றை உருவாக்கி, ரோடாவில் மூன்று வில்லுக்குப் பதிலாக ஒற்றைப் பெரிம்பாவை வைத்தார். பழைய பாணியைக் கட்டிக்காத்தவர் மெஸ்த்ரே பஸ்தீன்யா. 1966இல், 77ஆம் வயதில், செனகலின் டக்கார் நகரில் நடந்த முதல் உலகக் கறுப்பினக் கலைவிழாவுக்குத் தன் மாணவர்களோடு போனார். ஆப்பிரிக்கக் கரையில் ஒரு ரோடா! ஊர் திரும்பியவருக்கு நல்லது நடக்கவில்லை. 1970களில் கட்டடச் சீரமைப்பு என்ற பெயரில் அவருடைய பயிற்சிக்கூடம் பறிபோனது. கண்பார்வை இழந்து, வறுமையில், 1981இல் இறந்தார். கபோய்ரா ரோடாவை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது 2014இல்.

டக்கார் போன மாணவர்களில் ஒருவரான ஜோவாவ் கிராண்டே 1990இல் நியூயார்க் போய்ப் பள்ளி தொடங்கினார். நாட்டார் கலைகளுக்கு அமெரிக்க அரசு வழங்கும் உயர்ந்த விருது 2001இல் அவருக்குக் கிடைத்தது. அவருடைய ரோடாவிலும் ஆட வருகிறவர் முதலில் போய்க் குந்துவது குங்காவின் காலடியில்தான்.