ஸ்லோ பிலிமில் எடுத்த ரோலைக் கிடப்பில் போடாதீர்கள்

கறுப்பு வெள்ளை பிலிம் மேல் மறுபடி ஒரு மோகம் வந்திருக்கிறது. கழுவச் சொல்லி என்னிடம் வரும் ரோல்களில் பெரும்பாலானவை ஐஎஸ்ஓ 400. ஐஎஸ்ஓ என்பது பிலிம் ஒளிக்கு எவ்வளவு மசியும் என்பதன் எண்; எண் குறைந்தால் அதிக ஒளி வேண்டும், அதைத்தான் ஸ்லோ பிலிம் என்பார்கள். நடுநடுவே ஐஎஸ்ஓ 50 ரோல் ஒன்று வரும். அநேகமாக அது இல்ஃபோர்டின் பேன் எஃப் பிளஸ்ஸாக இருக்கும். அதைக் கையில் வாங்கியதும் என்ன எடுத்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. எப்போது எடுத்தீர்கள் என்றுதான் கேட்பேன். “பாதி ரோல் போன வருஷம் தம்பி கல்யாணத்துல, மீதி இந்தப் பொங்கலுக்கு” என்று பதில் வந்தால், கழுவும் டேங்கைத் திறப்பதற்கு முன்பே அவரைக் கொஞ்சம் தயார்படுத்திவிடுவேன்.

ஷட்டரை அழுத்தியதும் பிலிமில் படம் விழுந்துவிடுகிறது, அப்புறம் எப்போது கழுவினால் என்ன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விழுவது உண்மைதான். ஆனால் ஒளி பட்ட வெள்ளி உப்புப் படிகத்தில் உண்டாவது சில அணுக்கள் அளவிலான ஒரு வெள்ளிப் புள்ளி மட்டுமே. கழுவும் ரசாயனமான டெவலப்பர் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் முழுப் படிகத்தையும் கறுப்பாக்குகிறது. கழுவாமல் வைத்தால் அந்தப் புள்ளி மெல்லக் கரைந்துபோகும். எல்லாப் பிலிமிலும் இது நடக்கும் என்றாலும் பல பிலிம்கள் மாதக்கணக்கில் தாங்கும். பேன் எஃப் பிளஸ் தாங்காது. எடுத்த ரோலை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகம் போனால் 3 மாதத்துக்குள் கழுவிவிடுங்கள் என்று தயாரித்த கம்பெனியே சொல்கிறது. சூடு இந்த இழப்பை வேகப்படுத்தும். சித்திரை வெயிலில் காருக்குள் கிடக்கும் கேமராவுக்கு அந்த 3 மாதக் கணக்கெல்லாம் செல்லாது.

முதலில் போவது நிழல் பகுதி. குறைவாக ஒளி பட்ட இடத்தில் உண்டான புள்ளிகள் ஏற்கெனவே பலவீனமானவை. அதனால் வேட்டியின் வெள்ளை அப்படியே இருக்கும், தலைமுடியும் புருவமும் நெகட்டிவில் கண்ணாடி போல் வெறுமையாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு “மீட்டர் சரியில்லை”, “லேபில் கெடுத்துட்டாங்க” என்பார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நெகட்டிவின் ஓரத்தில் பிலிமின் பெயரும் பிரேம் எண்ணும் இருக்குமே, அவை தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதித்தவை. எழுத்து கறுப்பாக இருந்து படம் மட்டும் மெலிந்திருந்தால் எடுக்கும்போது ஒளி பற்றவில்லை. இரண்டுமே மெலிந்திருந்தால் டெவலப்பரின் வேலை போதவில்லை. தொழிலில் எல்லோரும் பார்க்கும் கணக்கு இது. பேன் எஃபில் இந்தக் கணக்கை நம்ப முடியாது. அந்த எழுத்தும் காத்திருந்து காத்திருந்து மங்கியிருக்கும். சரியாகக் கழுவிய, நல்ல படங்கள் உள்ள ரோலிலேயே எழுத்து மங்கலாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்தை வைத்து அடுத்த ரோலுக்கு டெவலப்பர் நேரத்தைக் கூட்டினால் கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம், எகிறிவிடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, 400 போதாதா? போதும், பல வேலைக்கு. ஆனால் மணியே (கிரெயின் என்னும் பொடிப் புள்ளிகள்) தெரியாத நெகட்டிவைப் பெரிய பிரிண்ட் போட்டுப் பார்த்தவர்களுக்குத் திரும்பிப் போக மனசு வராது. இன்னொரு லாபம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பழைய கேமராக்களில் ஷட்டர் வேகம் 1/1000 நொடியோடு நின்றுவிடும். நம் ஊர் மத்தியான வெயிலில் 400 பிலிம் போட்டால் லென்ஸின் துளையை எஃப் 11 வரை மூடியே ஆக வேண்டும் (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்). 50 பிலிமில் அதே வேகத்தில் எஃப் 4 வரை திறக்கலாம். ஆளைத் தெளிவாக்கிப் பின்னணியைக் கரைக்க நினைப்பவருக்கு இது சின்ன விஷயமா? கோடக்கின் பேனடாமிக்-எக்ஸ், டெக்னிக்கல் பேன் போன்ற பழைய ஸ்லோ பிலிம்கள் எல்லாம் போய்விட்டன. ஊட்டியில் பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் இன்றில்லை. வருவதெல்லாம் இறக்குமதிச் சரக்கு. விலையைப் பார்த்தால் ஒரு பிரேமைக்கூட வீணாக்க மனசு வராது.

சரி, எடுப்பதற்கு வருவோம். ஸ்லோ பிலிமுக்குக் கான்ட்ராஸ்ட் இயல்பிலேயே அதிகம், நம் வெயிலுக்கும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்தால் சுண்ணாம்பும் கரியும்தான் மிஞ்சும். அதனால் உச்சி வெயிலில் மீட்டரை 50-இல் வைக்காமல் 32-இல் வைக்கச் சொல்வேன்; பிலிமுக்குக் கொஞ்சம் கூடுதல் ஒளி கிடைக்கும். செட்டிநாட்டு வீடு ஒன்றின் முற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1/30 நொடிக்கு வெயில் விழும் தரையில் மீட்டர் எஃப் 16 காட்டுகிறது. தாழ்வாரத்து மரத்தூணில் எஃப் 2.8. ஐந்து ஸ்டாப் இடைவெளி; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது. தரையை நம்பி எடுத்தால் தூண் காணாமல் போகும். தூணை நம்பி எஃப் 2.8 வைத்தாலோ கறுத்த தூண் சாம்பலாகி, தரை வெளுத்துவிடும். மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாகத்தான் பார்க்கும். தூண் கறுப்பாக, ஆனால் மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்றால் அங்கிருந்து இரண்டு ஸ்டாப் மூடி எஃப் 5.6 வையுங்கள். அப்போது தரை நடுச்சாம்பலுக்கு மூன்று ஸ்டாப் மேலே போய்விடும். அதைக் கீழே இழுப்பது டேங்கில் செய்ய வேண்டிய வேலை.

அதே வீட்டின் உள்ளறைக்குள் போனால் ஷட்டர் நொடிக்கணக்கில் திறந்திருக்க வேண்டிவரும். மீட்டர் சொல்லும் நேரம் அங்கே போதாது. இந்தப் பிலிமுக்கு மீட்டர் 10 நொடி என்றால் 21 நொடி கொடுக்க வேண்டும். 30 நொடி என்றால் ஒன்றரை நிமிடம். முக்காலியும் கேபிள் ரிலீஸும் இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள்.

கழுவும்போது நமக்குப் பெரிய எதிரி குழாய்த் தண்ணீர். கம்பெனி கொடுக்கும் நேரமெல்லாம் 20 டிகிரிக்கு. நம் மாடித் தொட்டித் தண்ணீர் கோடையில் 30-ஐத் தாண்டும். இல்ஃபோர்டின் ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீர் சேர்க்காமல் ஊற்றினால் 20 டிகிரியில் ஆறரை நிமிடம். அதை 30 டிகிரியில் செய்யப் போனால் நேரம் பாதிக்கும் கீழே இறங்கும். ஊற்றவும் கவிழ்க்கவுமே நேரம் போய்விடும், வானத்தில் திட்டுத்திட்டாக விழும். 5 நிமிடத்துக்குக் கீழே எந்த டெவலப்பரையும் ஓட்டாதீர்கள்.

நான் செய்வது இது. அதே ஐடி-11, ஒரு பங்கு டெவலப்பருக்கு மூன்று பங்கு தண்ணீர். இரட்டை ரீல் டேங்கில் ஒரே ரோலைப் போட்டு, 125 மில்லி டெவலப்பர், 375 மில்லி தண்ணீர். 20 டிகிரியில் 15 நிமிடம் ஆகும் இந்தக் கலவை, 24 டிகிரியில் சுமார் 10 நிமிடம். முற்றம் மாதிரி வெயிலில் எடுத்த ரோல் என்றால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 8 நிமிடம். நீர்த்த டெவலப்பர் வெளிச்சப் பகுதியில் சீக்கிரம் தீர்ந்துபோய் அங்கே கறுப்பு ஏறுவதை மட்டுப்படுத்தும். நிழல் பகுதியில் நிதானமாக வேலையைத் தொடரும். எஃப் 5.6-இல் வெளுக்கவிருந்த தரை இப்படித்தான் திரும்பி வருகிறது. முதல் 10 நொடியில் நான்கு முறை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அப்புறம் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு. பதற்றத்தில் குலுக்கிக்கொண்டே இருந்தால் இந்தப் பலன் கிடைக்காது.

24 டிகிரிக்குக் கொண்டுவர டெவலப்பருக்குள் ஐஸைப் போடாதீர்கள், கலவை நீர்த்துப்போகும். ஐஸ் போட்ட வாளித் தண்ணீருக்குள் பாட்டில்களை நிறுத்தி வையுங்கள். டெவலப்பரை நிறுத்தும் ஸ்டாப் பாத், மிச்ச வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ, அலசும் தண்ணீர் எல்லாமே அந்தச் சூட்டை ஒட்டி இருக்கட்டும். கடைசி அலசலை மட்டும் குழாயடியில் வைத்துக்கொள்பவர்கள் பலர். ஊறிய ஜெலட்டினுக்கு அந்தத் திடீர்ச் சூடு நல்லதல்ல. போர் தண்ணீர் என்றால் காய்ந்தபின் உப்புக் கறை படியும். தண்ணீர் திட்டாக நிற்காமல் வழிய வைக்கும் வெட்டிங் ஏஜென்ட் சில துளி சேர்த்த டிஸ்டில்டு வாட்டரில் கடைசியாக ஒரு முறை முக்கித் தொங்கவிடுங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள், தூசி ஒட்டும்.

இன்னொரு விஷயம், வீட்டில் கழுவுபவர்களுக்கு. டெவலப்பரில் உள்ள மெட்டால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை கொண்டுவரும். ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே அரிக்கும். கையுறை போடுங்கள். பொடியைக் கலக்கும்போது முகமூடியும் வேண்டும், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். சமையல் பாத்திரத்தில் கலக்கவே கூடாது. குளிர்பான பாட்டிலில் டெவலப்பரை ஊற்றி, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும். தாகத்தோடு வந்து ஃபிரிட்ஜைத் திறக்கும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது.

தீர்ந்துபோன ஹைப்போவைச் செப்டிக் டேங்கிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி முழுக்க அதில்தான் இருக்கிறது. கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கும் மீன்களுக்கும் அது விஷம். எக்ஸ்ரே எடுக்கும் இடங்களில் இந்த ஹைப்போவைச் சேர்த்து வைத்து, வெள்ளி பிரித்தெடுப்பவர்களுக்கு விற்பது வழக்கமாக இருந்தது. உங்கள் ஊரில் அப்படி வாங்குபவர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அதுவரை மூடி இறுக்கமான கேனில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் சேர்த்து வையுங்கள். கேன் மேல் “ஹைப்போ, குடிக்கக் கூடாது” என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.