ஜீவனாம்சம்: கையில் வாங்கும் சம்பளம்தான் கணக்கா?

விவாகரத்து வழக்குக்கு வரும் பெண்கள் முதலில் கேட்பது, "மேடம், மாசம் எவ்வளவு கிடைக்கும்?" ஆண்கள் கேட்பது, "எவ்வளவு கொடுக்கச் சொல்வாங்க மேடம்?" இருவரிடமும் நான் கேட்பது சொத்து, வருமான விவரம் அடங்கிய பிரமாணப் பத்திரத்தைத்தான்.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, இரு தரப்பும் இதைத் தாக்கல் செய்தாக வேண்டும். படிவமே தீர்ப்போடு இணைக்கப்பட்டிருக்கிறது. பலர் அதைக் கடைசி வாய்தாவுக்கு முந்தைய இரவில் நிரப்புகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது அதுதான், ஏனென்றால் தொகை அந்தத் தாள்களில்தான் முடிவாகிறது.

ஒரு வழக்கில் கணவரின் சம்பளச் சீட்டில் மொத்தம் 68,000 ரூபாய், கையில் வாங்குவது 27,000. நடுவில் கூட்டுறவுச் சங்கக் கடன், தானாகக் கூட்டிக் கட்டிய பி.எஃப்., எல்.ஐ.சி. நீதிபதி ஒவ்வொரு வரியாகப் பேனாவை வைத்துக் கேட்டார். வருமான வரியும் கட்டாய வைப்பு நிதியும் மட்டுமே கழிந்தன. மற்றதெல்லாம் அவர் விருப்பப்பட்டுச் செய்த சேமிப்பும் வாங்கிய கடனும்தானே!

மனைவி தரப்பிலும் தவறு நடக்கிறது. "சாப்பாடு 10,000, மருந்து 5,000" என்று குத்துமதிப்பாக எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். பிள்ளையின் இன்ஹேலர் பில், வேன் கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம் எல்லாம் வேண்டும். தையலில் வரும் ஆறாயிரத்தை மறைக்காதீர்கள். சம்பாதிப்பதாலேயே ஜீவனாம்சம் மறுக்கப்படாது. மறைத்தது தெரிந்தால் மற்ற கணக்கும் சந்தேகத்துக்குள்ளாகும். "படிச்சவதானே, வேலைக்குப் போகட்டும்" என்ற வாதமும் அப்படியே எடுபடாது. சம்பாதிக்கும் தகுதி வேறு, சம்பாத்தியம் வேறு. பிள்ளைகளுக்காக வேலையை விட்டு எத்தனை வருடம் ஆயிற்று, இருவரும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் நீதிமன்றம் பார்க்கும்.

சம்பளத்தில் கால் பங்கு என்பது பலரும் நம்பும் கணக்கு. 2017இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 25 சதவீதம் நியாயமானது என்றது உண்மை. ஆனால் அதே வழக்கில், கணவர் மறுமணம் செய்து இன்னொரு குடும்பத்தையும் பார்க்க வேண்டியிருந்ததால் 23,000 ரூபாயை 20,000 ஆகக் குறைத்தது. கட்டாய விகிதம் எதுவும் சட்டத்தில் இல்லை.

மனுப் போட்ட தேதியிலிருந்துதான் தொகை கணக்காகும். அதனால் பேச்சுவார்த்தை நடக்கிறதென்று மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். உத்தரவு வந்த பிறகும் கவனம் வேண்டும். பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவில் (பழைய சி.ஆர்.பி.சி. 125) வாங்கிய உத்தரவென்றால், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட்டால்தான் வாரண்ட் கிடைக்கும். "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்" என்ற கணவரின் பேச்சை நம்பி, பதினாறு மாதம் கழித்து என்னிடம் வந்த பெண்ணுக்கு முதல் நான்கு மாதப் பணத்தை அந்த வழியில் கேட்க முடியவில்லை.