ஆயில் கூலர் என்னும் எண்ணெய் ஆற்றி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பைக் பட்டறைகளில் 'ஆயில் கூலர்' என்ற சொல் அன்றாடம் புழங்குகிறது. எஞ்சினுக்கு முன்னால், ஓட்டத்தின் காற்று நேராக மோதும் இடத்தில், மெல்லிய அலுமினியத் தகடுகளும் அவற்றை ஊடறுத்துச் செல்லும் குழல்களுமாக அமைந்து, எஞ்சின் எண்ணெயின் சூட்டைக் குறைக்கும் சிறிய உறுப்பு அது. ஓசூரில் ஆலை உள்ள டி.வி.எஸ். நிறுவனம் 2016-இல் வெளியிட்ட அப்பாச்சி ஆர்.டி.ஆர். 200 4வி வண்டியில் அது தொடக்கத்திலேயே இருந்தது. அவ்வசதி இல்லாத வண்டிகளுக்குக் கோடை வெயிலை எண்ணித் தனியே வாங்கிப் பொருத்துவோரும் உண்டு. இவ்வுறுப்பை எழுத்துத் தமிழில் 'எண்ணெய்க் குளிர்விப்பான்' அல்லது 'குளிர்விப்பி' என்கிறார்கள். இரண்டும் இலக்கணப்படி சரியே. ஆனால் உறுப்பு செய்யும் வேலையை இரண்டும் சரியாகச் சொல்வதில்லை. 'எண்ணெய் ஆற்றி' என்பதே பொருத்தமான பெயர் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் 'ஆயில்'. இந்த ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனின் 'ஓலியம்', அதற்கும் முன் கிரேக்கத்தின் 'எலையோன்' வரை பின்னோக்கிச் செல்கிறது. அதன் முதற்பொருள் ஒலிவ எண்ணெய் மட்டுமே. தமிழிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. எள் + நெய் என்பதே எண்ணெய். அதாவது எள்ளிலிருந்து பிழிந்த நெய். பின்னர் அச்சொல் தேங்காய்க்கும் கடலைக்கும் ஆமணக்குக்கும் பொதுவாகி, மண்ணிலிருந்து எடுத்ததற்கு 'மண்ணெண்ணெய்' என்ற பெயரும் வந்தபின், எள்ளின் எண்ணெயைத் தனித்துக் குறிக்க 'நல்லெண்ணெய்' என்று வேறொரு சொல் தேவைப்பட்டது. ஓசூர்ப் பக்கத்தில் தமிழோடு சேர்ந்து ஒலிக்கும் கன்னடத்தின் 'எண்ணெ', தெலுங்கின் 'நூனெ' ஆகியவையும் எள்ளைக் குறிக்கும் சொல்லோடு நெய் சேர்ந்து பிறந்தவையே. ஆகவே எஞ்சினில் ஊற்றுவதை எண்ணெய் என்று அழைக்க நாம் தயங்க வேண்டியதில்லை. இன்னும் துல்லியம் வேண்டுவோர் 'மசகெண்ணெய்' எனலாம். மசகு என்பது மாட்டுவண்டியின் அச்சுக்கு இட்ட கரிய மை. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அதைச் செய்தார்கள். 1909-இல் எஞ்சின் எண்ணெய்க்குச் சூட்டப்பட்ட 'காஸ்ட்ரால்' என்ற பெயரும் ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே வந்தது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

சிக்கல் 'கூலர்' என்ற பாதியில் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'கூல்' சூடு குறைவதையும் குளிர்ச்சி அடைவதையும் ஒருசேரக் குறிக்கும். தமிழில் அவை இரண்டும் வேறு வேறு. குளிர்வித்தல் என்றால் பொருள் தொடச் சில்லென்று ஆக வேண்டும். அப்படிப்பட்ட வேலை எதுவும் ஆயில் கூலரில் நடப்பதில்லை. வெளிக்காற்று 38 பாகை செல்சியஸ் இருக்கும் மே மாத நண்பகலில் அதற்குக் கீழே எண்ணெயைக் கொண்டுபோக அதனால் எந்த வகையிலும் இயலாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அது வேறுபடும் இடம் இதுவே. எண்ணெய் குளிர்ந்துபோவது விரும்பத்தக்கதும் அன்று. ஏறத்தாழ 80 முதல் 110 பாகை வரையிலான சூட்டில்தான் எஞ்சின் எண்ணெய் தன் வேலையை நன்றாகச் செய்கிறது; அச்சூட்டில்தான் அதில் கலந்துவிட்ட நீர்த்துளிகளும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறுகின்றன. சூடு அளவை மீறினால் எண்ணெய் நீர்த்து உலோகப் பரப்புகளுக்கு இடையிலான படலம் மெலிகிறது, ஆக்சிஜனேற்றத்தால் விரைவில் கெட்டும் போகிறது. வேண்டாத சூட்டை மட்டும் இறக்கி, வேண்டிய சூட்டை விட்டுவைப்பதே இவ்வுறுப்பின் கடமை. மார்கழி விடியலில் ஓசூர்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு இது தேவைக்கு மேல் வேலை செய்துவிடக் கூடும் என்பதால்தான், எண்ணெய் சூடேறிய பிறகே வழிதிறக்கும் தெர்மோஸ்டாட்டைச் சிலர் உடன் பொருத்துகிறார்கள்.

இந்தச் செயலுக்குத் தமிழில் ஒரு சொல் முன்பே இருக்கிறது, அது 'ஆற்றுதல்'. தேநீர்க் கடையில் மாஸ்டர் ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்குக் கையுயர்த்தி ஊற்றும்போது, தேநீர் மெல்லிய இழையாக நீண்டு, தன் பரப்பைப் பெருக்கிக்கொண்டு, காற்றுக்குச் சூட்டைக் கொடுக்கிறது. குடிக்கும் பதத்துக்கு வருகிறதே தவிர, குளிர்ந்துவிடுவதில்லை. ஆயில் கூலரின் தகடுகளும் எண்ணெய்க்கு அகன்ற பரப்பைத் தந்து காற்றோடு உறவாட விடுகின்றன. தேநீரில் ஆவியாதலும் சேர்ந்து உதவுகிறது, எண்ணெயோ குழலுக்குள் அடைபட்டு உலோகத்தின் வழியாகவே வெப்பத்தை விடுகிறது என்ற வேறுபாடு இருந்தாலும், கருத்து ஒன்றே. காற்று இல்லையேல் ஆற்றுதலும் இல்லை: சேலத்திலிருந்து வருவோர் தொப்பூர் கணவாயில் சுமைலாரியின் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது, எஞ்சின் மிகுந்த சூட்டை உண்டாக்க, மோதும் காற்றோ குறைந்துபோக, எவ்வளவு விலை உயர்ந்த கூலரும் சிறிதே பயன்படுகிறது. பட்டறைக்காரர்களும் இயல்பாக 'எஞ்சின் ஆறட்டும், அப்புறம் ஆயிலைத் திறக்கலாம்' என்றே சொல்கிறார்கள். 'குளிரட்டும்' என்று அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆறு என்பது தன்வினை, ஆற்று என்பது பிறவினை. மாறு, மாற்று என்பவற்றையும் ஏறு, ஏற்று என்பவற்றையும் போன்றது இது. விசிறு, வடிகட்டு, தாங்கு, இடுக்கு என்ற வினைகளோடு இகரம் சேர்ந்து விசிறி, வடிகட்டி, தாங்கி, இடுக்கி என்ற கருவிப் பெயர்கள் வந்ததுபோல, ஆற்று என்பதிலிருந்து ஆற்றி வருகிறது. 'உரையாற்று', 'பணியாற்று' என்பவற்றில் உள்ள ஆற்றுதலோடு குழம்பாதா என்று கேட்கலாம். முன்னால் எண்ணெய் நிற்கும்போது அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

பொருத்தும் வேலையிலும் இச்சொல் எளிதாகப் புழங்கும். ஆற்றிக்குப் போகும் குழாய்களைச் சைலன்சரிலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும். இணைப்பு போல்ட்டுகளின் செம்பு வாஷர்களைக் கழற்றும்போதெல்லாம் புதிதாக இட வேண்டும். ஆற்றிக்குள்ளும் குழாய்க்குள்ளும் எண்ணெய் நிறைவதால், வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, அளவைத் திரும்பப் பார்த்துக் குறைந்ததை ஊற்ற வேண்டும். தகடுகளின் இடையில் அடையும் செம்மண் தூசியை மெல்லிய நீர்த்தாரையால் கழுவ வேண்டும், அழுத்தம் மிகுந்தால் தகடுகள் மடங்கிவிடும். வேலைச் சீட்டில் 'எண்ணெய் ஆற்றி பொருத்தியது' என்று எழுதினால், பைக்கைப் பற்றி ஒன்றும் அறியாத அம்மா ஒருவர் அதைப் படித்தாலும் அந்த உறுப்பு என்ன செய்கிறது என்பது அவருக்கு விளங்கிவிடும்.