பழைய பிரெய்ரி (புல்வெளி) தலப்படத்தில் ஒரு குடும்பத்தின் நிலத்தைத் தேடுவது எப்படி?

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள பைன் ரிட்ஜ், ரோஸ்பட் ஆகியவை லகோட்டா பழங்குடி மக்களின் ஒதுக்கீட்டு நிலங்கள் (reservations). அமெரிக்க நிலவியல் அளவைத் துறை இப்பகுதிகளுக்கு 1:24,000 அளவில் வெளியிட்ட பழைய தலப்படங்களில் (நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் வரைபடங்களில்), பழுப்புநிறச் சம உயரக் கோடுகளோடு நில அளவைக் கட்டங்களும் இருக்கும். நிலம் தேடுபவருக்கு அந்தக் கட்டங்கள்தான் பிடி.

ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதில் 36 செக்‌ஷன்கள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போகும். ஏர் உழுது திரும்புவதுபோல அடுத்த வரிசையில் கிழக்கே வரும். தென்கிழக்கு மூலையில் 36 ஆக முடியும். 1887-ஆம் ஆண்டின் டாஸ் சட்டம் பழங்குடிகளின் பொது நிலத்தைக் கூறுபோட்டு, குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று வகுத்தது. அதாவது கால் செக்‌ஷன். சூ மக்களுக்கான (லகோட்டாக்களும் இவர்களில் ஒரு பிரிவினர்) 1889 சட்டத்தில் அது 320 ஏக்கரானது.

ஆவணத்தில் ‘தென்மேற்குக் கால், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 36 வடக்கு, ரேஞ்ச் 40 மேற்கு’ என்று இருந்தால், கடைசியிலிருந்து படிக்க வேண்டும்: முதலில் ரேஞ்ச் (அடிப்படைத் தீர்க்கரேகையிலிருந்து கிழக்கிலோ மேற்கிலோ எத்தனையாவது டவுன்ஷிப் வரிசை என்ற எண்), பிறகு டவுன்ஷிப் (அடிப்படைக் கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எத்தனையாவது என்ற எண்), செக்‌ஷன், கால். படத்தில் ஒரு மைல் 6.7 செ.மீ.; கால் செக்‌ஷனின் பக்கம் 3.35 செ.மீ. ஸ்கேன் செய்து அச்சிட்ட படமானால், முதலில் அதிலுள்ள அளவுகோலை அளந்து பாருங்கள். அச்சில் சுருங்கியிருந்தால் ஏக்கர் கணக்கும் தவறும். டவுன்ஷிப்பின் வடக்கு, மேற்கு ஓரங்களில் கூடுதல் கவனம் தேவை. தீர்க்கரேகைகள் வடக்கே நெருங்குவதாலும் அளவைப் பிழைகளாலும் வரும் மிச்சத்தை அந்த ஓரங்களில்தான் தள்ளினார்கள். அங்கே கால் செக்‌ஷன் சரியாக 160 ஏக்கர் இருக்காது.

சமவெளியில் சம உயரக் கோட்டை எல்லையாக நம்பக்கூடாது. சோதிக்கும் புள்ளிகளில் 90 சதவீதம், கோட்டு இடைவெளியில் பாதிக்குள் சரியாக இருந்தால் போதும் என்பதே அன்றைய தரவிதி. இடைவெளி 20 அடி என்றால் 10 அடிப் பிழை செல்லும். நூறு அடிக்கு ஓர் அடி சரியும் புல்வெளியில் அந்தப் பிழை கோட்டை 1,000 அடி, படத்தில் 1.27 செ.மீ., நகர்த்திவிடும். மலைச்சரிவில் இது தெரியவே தெரியாது.

படத்தில் ஊதா நிறம் இருந்தால், அது பிற்காலத்தில் வான்படங்களைப் பார்த்துச் சேர்த்தது. ஷயன் ரிவர், ஸ்டாண்டிங் ராக் ஒதுக்கீட்டுப் பகுதிகளில் ஆண்டு மிக முக்கியம்: மிசௌரி ஆற்றின் ஓவாஹி (Oahe) அணை அங்கிருந்த ஆற்றங்கரைக் காடுகளை மூழ்கடித்தது. அந்த நிலத்தைப் பார்க்க அணை நீரைத் தேக்கத் தொடங்கிய 1958-க்கு முந்தைய பதிப்பு வேண்டும்.

யாருக்குச் சொந்தம் என்பதைப் படம் சொல்லாது. ஒதுக்கீட்டு எல்லைக்கோட்டுக்குள் பழங்குடி நிலமும் வெளியார் வாங்கிய நிலமும் கலந்தே கிடக்கின்றன; இரண்டுக்கும் ஒரே வெள்ளைத் தாள்தான்.