தபால் மந்திரியும் கவிழ்த்த குரலும்

"ஹிட்லர் ஆட்சியில் தபால் துறைக்கு எதற்கு ஆராய்ச்சிக்கூடம்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஜெர்மனியில் அன்று தொலைபேசியும் தபால் துறையின் கையில்தான் இருந்தது. போதாததற்கு அமைச்சரே இயற்பியல் படித்தவர்.

வில்ஹெல்ம் ஓனெஸோர்கே. 'கவலையில்லாமல்' என்று பொருள்படும் பெயர். முதல் உலகப் போரில் தலைமையகத்தின் தொலைபேசி நிலையத்தைக் கவனித்தவர், நாஜிக் கட்சியில் ஆரம்ப காலத்திலேயே சேர்ந்தவர். 1933-ல் தபால் துறைச் செயலாளர். 1937-ல், அமைச்சராக இருந்த எல்ட்ஸ்-ரூபெனாக் ஹிட்லர் நீட்டிய கட்சிப் பதக்கத்தை வாங்க மறுத்துப் பதவி இழக்க, அந்த நாற்காலி இவருக்கு வந்தது. வரலாற்று நூல்களில் ஓரிரு வரிதான் இவருக்கு. ஆனால் இவருடைய ஆட்கள் செய்த ஒரு வேலை அபாரமானது: அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போன ரகசியத் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்டது.

அமெரிக்காவும் பிரிட்டனும் சிற்றலை வானொலி வழியே பேசின. யாரும் கேட்கலாம் என்பதால், ஏ-3 என்ற கருவியால் குரலைக் குலைத்து அனுப்பினார்கள். எப்படிக் குலைப்பது?

இரண்டு கொசைன்களைப் பெருக்கினால் கூட்டலும் கழித்தலும் வரும் என்று ப்ளஸ் டூவில் உருப்போட்டிருப்பீர்கள். அதேதான் இங்கும். 500 ஹெர்ட்ஸ் ஒலியை 3000 ஹெர்ட்ஸ் அலையோடு பெருக்கினால் 3500, 2500 இரண்டும் கிடைக்கும். வடிகட்டி 3500-ஐத் தள்ளிவிடும். மிஞ்சுவது 2500. அப்படியே 2500 உள்ளே போனால் 500 ஆக வெளியே வரும். குரல் முழுவதும் தலைகீழாகிவிடும். 'இ' என்று சொல்லும்போது ஒலி சுமார் 300-லும் 2300-லும் திரளும். கவிழ்த்தால் 2700, 700. காதுக்கு அது 'இ' இல்லை, தமிழில் எந்த உயிரெழுத்தும் இல்லை. மறுமுனையில் அதே 3000-ஆல் இன்னொரு முறை பெருக்கினால் போதும், 'இ' பத்திரமாகத் திரும்பிவிடும். பூட்டுவதும் திறப்பதும் ஒரே பெருக்கல்! எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஏ-3 இன்னும் ஒரு படி மேலே போய், குரலை அதிர்வெண்வாரியாக ஐந்து பட்டைகளாக நறுக்கி, இடம் மாற்றி, சிலவற்றைக் கவிழ்த்தது. ஐந்தையும் இடம் மாற்ற 120 வழி, கவிழ்க்க 32 வழி; கணக்குப்படி பெருக்கினால் 3840 வகை. ஆனால் பலவற்றில் பேச்சு பாதி புரிந்துவிடும். கடைசியில் பயன்பட்டவை ஆறுதான். 20 வினாடிக்கொரு மாற்றம். 36 மாற்றம் முடிந்ததும், அதாவது 12 நிமிடத்தில், மறுபடி முதலிலிருந்து.

அப்புறம், எவ்வளவு நறுக்கினாலும் குரலின் சாயல் அழியாது. குரல்நாண் அதிர்வின் மடங்குகள் சம இடைவெளியில் அடுக்காக நிற்கும். வாக்கிய முடிவில் சுருதி இறங்கினால் அடுக்கு முழுவதும் சேர்ந்து இறங்கும். கவிழ்ந்த பட்டையில் மட்டும் அது மேலே ஏறும். படமாக வரைந்து பார்த்தால் எந்தத் துண்டு தலைகீழ் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

குர்ட் வெட்டெர்லைன் என்ற பொறியாளரின் குழு இந்தப் பூட்டை உடைத்து, நெதர்லாந்தின் நோர்ட்வைக் கடற்கரையில் நிலையம் அமைத்தது. பேசப்பேசவே புரியும்படி செய்துவிட்டதாக ஓனெஸோர்கே 1942 மார்ச் 6 அன்று ஹிட்லருக்குப் பெருமையாகக் கடிதம் எழுதினார்.

தபால்தலை விற்ற காசு பெர்லினில் மான்ஃபிரெட் ஃபொன் ஆர்டென்னெயின் அணு ஆய்வுக்கும் போனது. தாராளமான அமைச்சர் என்று இதைப் பாராட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது எரிச்சலூட்டுகிறது. யூத இயற்பியலாளர்களை 1933-லேயே துரத்திய ஆட்சி அது. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில், தலைவரின் செல்லப்பிள்ளை அள்ளிக்கொடுத்தால் அது அறிவியலுக்கான நிதி ஆகாது.

அமெரிக்கர்கள் 1943 ஜூலையில் சிக்சாலி என்ற 50 டன் கருவிக்கு மாறத் தொடங்கினார்கள். அது குரலை எண்களாக்கி, இசைத்தட்டில் பதிந்த இரைச்சலை அவற்றோடு கூட்டும். ஒரே தட்டின் பிரதி இரு முனைக்கும் ஒவ்வொன்று, ஒருமுறை ஓடியதும் அழித்துவிடுவார்கள். சாயல் சுத்தமாகப் போய்விடும். ஆனாலும் ஜூலை 29 அன்று இத்தாலியின் போர்நிறுத்தம் பற்றி ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் பேசியது பழைய ஏ-3-ல்தான். தபால்காரர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.