ஏஞ்சல் மீன் முட்டை ஏன் வெள்ளையாகிறது?

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் இரண்டு குழாய்கள். ஒன்றில் காவிரி, இன்னொன்றில் போர்வெல். ஏஞ்சல் மீன் வளர்க்க ஆரம்பித்த புதிதில், எதுவானாலும் தண்ணீர்தானே என்று போர்வெல்லையே பிடித்து ஊற்றிவிட்டேன். மீன்கள் கொழுகொழுவென்று வளர்ந்தன, முட்டையும் போட்டன. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் அத்தனையும் வேகாத ஜவ்வரிசி மாதிரி வெள்ளை. மனசு விட்டுப்போச்சு.

ஏஞ்சல் மீனின் சொந்த ஊர் அமேசான் ஆற்றுப் படுகை. உப்பு குறைந்த, லேசாக அமிலத்தன்மை உள்ள தண்ணீர் அது. நம் போர்வெல் தண்ணீரிலோ கால்சியம், மெக்னீசியம் உப்புகள் ஏராளம். வளர்ந்த மீன் அதைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் அந்தத் தண்ணீரில் முட்டை கருவுறுவதும் பொரிப்பதும் குறைந்துவிடும். இப்போது நான் காவிரித் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போவதற்காக ஒரு நாள் காற்றுக்குழாய் ஓடவிட்டு, அப்புறம்தான் ஊற்றுகிறேன்.

சரி, ஜோடிக்கு எங்கே போவது? சாதாரண நாட்களில் பார்த்து ஆண், பெண் சொல்லவே முடியாது. அதனால் ஆறு குட்டிகளை ஒன்றாக வாங்கி வளர்ப்பதுதான் நல்லது. எட்டு, பத்து மாதத்தில் இரண்டு மட்டும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும், அதுதான் ஜோடி. அவற்றை 75 லிட்டராவது பிடிக்கிற, உயரமான தனித் தொட்டிக்கு மாற்றி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் செங்குத்தாக ஒரு பிவிசி குழாய்த் துண்டும் வையுங்கள். வெப்பம் 27, 28 டிகிரி. டிசம்பர் இரவில் இந்த ஊர் அடிக்கிற குளிருக்கு ஹீட்டர் கட்டாயம்.

முட்டையிடுவதை ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் இரண்டும் வாயாலேயே குழாயைச் சுத்தம் செய்யும். அப்போது வயிற்றுக்கடியில் சின்னக் குழல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், ஆணுக்கு மெல்லிசாகக் கூராக, பெண்ணுக்குத் தடிப்பாக மழுங்கி. பெண் கீழிருந்து மேலே உரசிக்கொண்டு போய் ஒரு வரிசை முட்டை ஒட்டும், ஆண் அதே தடத்தில் பின்னாலேயே போய் விந்தைத் தெளிக்கும். இப்படியே சில நூறு முட்டைகள். சில சமயம் இரண்டு பெண்களே ஜோடியாகி முட்டையிடும். தண்ணீர் சரியாக இருந்தும் ஒவ்வொரு தடவையும் ஒன்று விடாமல் வெள்ளையானால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கருவுறாத முட்டை செத்து, அதில் பூஞ்சை பிடித்து, பக்கத்து முட்டைக்கும் பரவும். தாய் தகப்பன் வெள்ளையானவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு, துடுப்பால் விசிறி ஆக்சிஜன் உள்ள தண்ணீரை முட்டைமேல் தள்ளிக்கொண்டே இருக்கும். புது ஜோடி முதல் சில தடவை முட்டையைத் தின்றுவிடுவதும் உண்டு. கோபப்படாதீர்கள், பெரும்பாலும் பழகிவிடும். காத்திருக்க முடியாதென்றால் குழாயோடு எடுத்து வேறு தொட்டியில் வைத்து, தண்ணீர் வெளிர்நீலமாகும்வரை மெத்திலீன் புளூ என்ற பூஞ்சை தடுக்கும் நீல மருந்தை விட்டு, பக்கத்திலேயே காற்றுக்குமிழி ஓடவிடலாம்.

இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். பொரித்ததும் நீந்தாது. தலையிலிருக்கும் பசையால் குழாயிலேயே ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் துடிக்கவிட்டபடி இருக்கும், சாப்பாடு வயிற்றிலுள்ள மஞ்சள் கரு. அதனால் அப்போது தீனி போட்டால் தண்ணீர்தான் கெடும். இன்னும் ஐந்து நாள் போல ஆகி எல்லாம் விடுபட்டு நீந்த ஆரம்பித்த பிறகுதான், உப்புத் தண்ணீரில் முந்தின நாளே பொரிக்கப் போட்ட ஆர்டீமியா என்ற குட்டி இறால் வகையின் குஞ்சுகளைத் தீனியாகப் போட வேண்டும். கொடுத்த கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போன்ற அந்த உடம்புக்குள் வயிறு மட்டும் ஆரஞ்சாகத் தெரியும்.