காலையில் முகூர்த்தம், இரவில் விரியும் மல்லி

பங்குனி பிறந்தால் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வரத்து கூடும். தை மாதத்தில் கிலோ ஆயிரங்களில் ஏலம் போன அதே குண்டுமல்லி, சித்திரையில் சில நூறு ரூபாய்க்கு இறங்கிவிடும். தையில் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தவர்கள் இதைக் கேட்டால் தரகர்களைத் திட்டுவார்கள். முகூர்த்த நாள் நெருங்கினால் விலை ஏறுவது உண்மைதான். ஆனால் தையில் தரகர் நினைத்தாலும் மூட்டை மூட்டையாக மல்லி வராது. செடி அப்போது பூக்கத் தயாராக இல்லை.

இளவேனிலில் கல்யாணம் வைப்பவர்கள் பூ விஷயத்தில் இரண்டு கணக்குப் பார்க்க வேண்டும். அந்த மாதத்தில் எந்தச் செடி பூக்கிறது என்பது ஒன்று. அந்தப் பூ நாளின் எந்த வேளையில் விரிந்து மணக்கிறது என்பது இன்னொன்று. முதலாவது பூக்காரரைக் கேட்டால் தெரிந்துவிடும். சறுக்குவதெல்லாம் இரண்டாவதில்தான்.

முதல் கணக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். குண்டுமல்லி பழைய கிளையில் பூக்காது. புதிதாக ஓடும் தளிரின் நுனியில்தான் மொட்டுக் கட்டும். அதனால் நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டுக் கவாத்துச் செய்துவிடுவார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுவார்கள். மார்கழி, தையில் இரவுக் குளிர் தளிரை ஓடவிடாது. மாசியில் வெயில் ஏறியதும் தளிர் கிளம்பி, பங்குனியில் பூக்கத் தொடங்கி, சித்திரை வைகாசியில் உச்சத்துக்குப் போகும். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசியிலும் முல்லைக்கு ஜனவரி கடைசியிலும் கவாத்து. அதனால் மூன்றும் ஒன்றின்பின் ஒன்றாகச் சந்தைக்கு வரும். மதுரையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 70 நிமிடம்தான். அதனால் இங்கே மல்லிகைக்குப் பருவத்தைச் சொல்லித் தருபவை பகலின் நீளமல்ல; வெப்பமும் தண்ணீரும் கவாத்துக் கத்தியும்.

செவ்வந்தியின் கதை வேறு. அது இருட்டை அளக்கும் செடி. இரவு தடையில்லாமல் போதுமான அளவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். நள்ளிரவில் சிறிது நேரம் விளக்குப் போட்டாலே கணக்குக் குழம்பி, இலை விட்டுக்கொண்டே இருக்கும். பகல், இரவு நீளத்தைப் பார்த்துச் செடி பூக்கிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் கார்னரும் அல்லார்டும் 1920-இல் வெளியிட்டார்கள். இன்று பசுமைக்குடில்களில் இரவில் விளக்கு எரியவிட்டு, செடி வேண்டிய உயரம் வளர்ந்த பிறகு அணைப்பது அந்த அறிவைக் கொண்டுதான். திறந்த வயல் செவ்வந்தி நம் ஊரில் ஐப்பசி முதல் தை வரை மலிவு. சித்திரைக் கல்யாணத்துக்கு மண்டபம் முழுக்கச் செவ்வந்தித் தோரணம் வேண்டும் என்று அடம்பிடித்தால், பசுமைக்குடிலின் மின்கட்டணத்தையும் சேர்த்துக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். ரோஜாவுக்கும் கோடை ஆகாது. வெப்பம் கூடினால் மொட்டு சீக்கிரம் முதிர்ந்து பூ சிறுத்துவிடும், இதழ் எண்ணிக்கை குறையும், சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் நிறமியும் சரியாகச் சேராது. ஓசூர் போன்ற மேட்டு நிலங்களில் ரோஜா செழிப்பதற்கு அந்த உயரம் தரும் குளிர்ச்சி ஒரு முக்கியக் காரணம்.

இப்போது மல்லிகை மொட்டுக்கு வருவோம்.

மதுரை, திண்டுக்கல் பக்கத்துத் தோட்டங்களில் பூப்பறிப்பு விடிவதற்கு முன்பே நடக்கும். நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் போவார்கள். ஒரே கொத்தில் வெவ்வேறு முதிர்ச்சியில் மூன்று வகை மொட்டு இருக்கும். பச்சை கலந்து மெலிந்து நிற்பது இன்னும் இரண்டொரு நாள் போக வேண்டியது. பால் வெள்ளையாக, உருண்டு, காம்பு நீண்டு நிற்பது அன்று மாலை விரியப்போவது. ஏற்கெனவே விரிந்து நிற்பது நேற்று கைக்குத் தப்பியது. அது சரத்துக்கு உதவாது. அந்த நடு மொட்டைத்தான் விரல் தேட வேண்டும். பச்சை மொட்டைப் பறித்துவிட்டால் அது பிறகு எத்தனை தண்ணீர் தெளித்தாலும் விரியாது. கிலோவுக்கு ஏறத்தாழ 4,000 மொட்டு என்றால், அத்தனை முறை அந்த முடிவை இருட்டில் எடுக்கிறார்கள். இந்தத் தொழிலின் நுட்பம் முழுவதும் அந்த விரல் நுனியில்தான் இருக்கிறது என்பேன். கூலி அதற்குத் தக்கபடி இல்லை என்பது தனிக் கதை.

பறித்த பிறகும் முதிர்ந்த மொட்டு ஏன் விரிகிறது? பூவுக்கு வேண்டிய முதலீட்டைச் செடி முன்கூட்டியே மொட்டுக்குள் போட்டுவிட்டது. சேமித்த மாவுச்சத்து விரியும் வேளை நெருங்கும்போது சர்க்கரையாக உடைகிறது. சர்க்கரை கூடிய செல் பக்கத்திலிருந்து தண்ணீரை இழுத்து, காற்றடித்த சைக்கிள் டியூப் மாதிரி விறைக்கிறது. இதழின் உட்பக்கச் செல்கள் வெளிப்பக்கச் செல்களைவிட வேகமாக நீளும்போது இதழ் வெளிப்புறமாக வளைகிறது. அதுதான் மலர்தல். மாலை மங்கத் தொடங்கி முன்னிரவுக்குள் வேலை முடிந்துவிடும். பறித்து, மூட்டை கட்டி, பஸ்ஸில் ஏற்றி, சென்னை கோயம்பேட்டில் இறக்கினாலும் மொட்டுக்குள் ஓடும் கடிகாரம் நிற்பதில்லை. இரவில் ஏன் என்றால், மல்லிகைக் குடும்பத்தின் வெண்மையும் வாசமும் இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைக்க உருவானவை. நம் தோட்டத்துக் குண்டுமல்லி விதை வைத்துப் பெருகுவதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வரும் நாற்றும் விதையில் முளைத்ததல்ல, குச்சியை வேர்பிடிக்க வைத்துத் தயாரித்ததுதான். பூச்சிக்கு வேலை இல்லாமல் போனாலும் பழைய வழக்கத்தை விடாமல் ராத்திரியில்தான் பூக்கிறது.

வாசத்துக்கும் அதே கடிகாரம்தான். மூடிய மொட்டை முகர்ந்து பார்த்தால் பச்சை வாசம்தான் வரும். மல்லிகை மணத்தைத் தரும் பொருள்களில் பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் ஆகியவை முக்கியமானவை. இவற்றில் சிலவற்றின் மூலப்பொருள் மொட்டுக்குள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும். அப்படிப் பிணைந்திருக்கும்வரை அது ஆவியாகாது, மூக்குக்கு எட்டாது. மலரும் வேளையில் ஒரு நொதி அந்தப் பிணைப்பை வெட்டிவிடுகிறது. மற்றவற்றைப் பூ அந்நேரத்திலேயே தயாரித்துக் காற்றில் விடுகிறது. இண்டோல் வேடிக்கையான ஆசாமி. தனியாக, அடர்த்தியாக முகர்ந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். துளி கலந்தால்தான் மல்லிக்கு அந்தக் கிறக்கம் வருகிறது. சீனாவில் மல்லிகைத் தேநீர் செய்பவர்கள் இந்தக் கணக்கை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள்: பகலில் மொட்டைப் பறித்து, இரவில் அது விரியும் நேரம் பார்த்துத் தேயிலையோடு கலந்து வைப்பார்கள். காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டால் வாசம் தேயிலையில் தங்கியிருக்கும்.

இனி முகூர்த்தத்துக்கு வருவோம். காலை 6 மணியிலிருந்து 7.30-க்குள் தாலி கட்டு என்று வையுங்கள். அந்த விடியலில் பறித்த மொட்டு கைக்குக் கிடைத்தால், சரம் முத்துக் கோத்ததுபோல் இறுக்கமாக, வெள்ளையாக இருக்கும். ஜடை அலங்காரத்துக்கு அதைவிட அழகு இல்லை. ஆனால் வாசம் இருக்காது. அது மணக்கத் தொடங்கும்போது மாலையாகி, பெண் வேறு புடவைக்கு மாறியிருப்பாள். முந்தின நாள் பூ என்றால் இரவே விரிந்து பாதி வாசத்தைப் பூக்கூடைக்குக் கொடுத்திருக்கும். முகூர்த்த நேரத்தில் மணக்கும், ஆனால் வெயில் ஏறுவதற்குள் துவண்டு ஓரம் பழுத்துவிடும். இரண்டையும் ஒரே சரத்தில் எதிர்பார்த்துத்தான் பலர் பூக்காரரோடு சண்டைக்கு நிற்கிறார்கள். முந்தின நாள் மொட்டைக் குளிரில் வைத்து விரிவதைத் தள்ளிப்போடலாம். ஈரத்துணியில் அல்லது வாழையிலையில் சுற்றி, மூடிய டப்பாவில், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் போதும். உறைபெட்டிக்கு அருகில் வைத்துவிட்டால் சில மொட்டு பிறகு விரியாமலே வாடிப்போகும். வெப்பநிலப் பூ அது, அத்தனை குளிர் அதற்குப் பழக்கமில்லை.

காலை வாசத்துக்கு வேறு ஆள் இருக்கிறது. பன்னீர் ரோஜா பகலில் மணக்கும் பூ. அத்தர் எடுப்பதற்கு அதைச் சூரியன் ஏறுமுன் பறிக்கிறார்கள். வெயில் பட்டுவிட்டால் எண்ணெய் ஆவியாகிக் குறைந்துவிடும். அதிகாலை மாலை மாற்றலுக்கு அது பொருந்தும். இதழ் உதிரும் என்ற குறை உண்டு. கோடையில் பூவும் சின்னதுதான். அதற்கு அடுத்தது மரிக்கொழுந்து. அது பூவே அல்ல, இலை. இலைகளின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் எண்ணெய் ஏற்கெனவே நிரம்பி நிற்கிறது. துளசிக்கும் அப்படித்தான். கை பட்டால், உரசினால், சுரப்பி உடைந்து மணக்கும். அதற்குக் காலை மாலை கிடையாது.

கதம்பத்தைக் கட்டிய பெண்கள் இந்த வேதியியலைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் கதம்பத்தைப் பிரித்துப் பார்த்தால் வேலைப் பங்கீடு தெளிவாகத் தெரிகிறது. கனகாம்பரத்துக்கு வாசமே இல்லை. நிறத்துக்காகச் சேர்க்கிறார்கள், எடையும் குறைவு, சீக்கிரம் வாடாது. மரிக்கொழுந்து காலைக்கு, மல்லி மாலைக்கு. என்னைக் கேட்டால், விடிகாலை முகூர்த்தத்துக்கு வெறும் மல்லியைவிடக் கதம்பம்தான் பொருத்தம். பழைய பாணி என்று கல்யாணப் பெண்கள் ஒதுக்குவதுதான் வருத்தம். கனகாம்பரத்தில் இன்னொரு செய்தி: ஆரஞ்சு நிறத்தில் பெரிதாக வரும் டெல்லி கனகாம்பரம் மூன்று தொகுதி குரோமோசோம் கொண்ட மலட்டுச் செடி. விதை வராது, குச்சி நட்டுத்தான் பெருக்குகிறார்கள்.

கழுத்து மாலை கட்டச் சம்பங்கி. மெக்சிகோவிலிருந்து வந்த செடி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்; சத்தியமங்கலத்தில் அது ஆண்டு முழுக்கப் பூக்கிறது. ஒற்றை அடுக்குச் சம்பங்கிக்கு வாசம் அதிகம், மாலை கட்ட ஏற்றது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த பிரஜ்வல் ரகம் அந்த வகைதான். இரட்டை அடுக்கைத் தண்டோடு வெட்டி ஜாடியில் வைக்கலாம். சம்பங்கியும் இரவில்தான் அதிகம் மணக்கும். ஆனால் இதழ் தடித்தது, நீர் பிடித்து வைத்திருக்கும், அதனால் சித்திரை வெயிலில் மல்லியைவிட நின்று பிடிக்கும்.

எந்தப் பூவானாலும் பழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் காயம். இதழ் நசுங்கினால் செல் உடைந்து, அதுவரை தனித்தனி அறையில் இருந்த பீனால் பொருள்களும் நொதியும் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பு நிறமியை உண்டாக்குகின்றன. வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதும் இதே வேலைதான். நனைத்த வாழைநாரில் கட்டினால் நார் மெத்தென்று பிடித்து ஈரத்தையும் வைத்திருக்கும். நூலில் இறுக்கிக் கட்டினால் ஒவ்வொரு காம்பிலும் ஒரு வெட்டு விழும். தண்ணீரையும் தெளித்தால் போதும். முக்கி எடுத்தால் இதழ்களுக்கிடையே நீர் தேங்கி மூச்சுவிட வழியில்லாமல் பூ அழுகும்.

வரவேற்பு மேடைக்கு இப்போது ஊட்டி, ஓசூர்ப் பக்கத்துக் கார்னேஷனும் தாய்லாந்து ஆர்க்கிட்டும் வருகின்றன. இவற்றுக்கு ஒரு எதிரி உண்டு: எத்திலீன். பழுக்கும் வாழையும் மாம்பழமும் ஆப்பிளும் வெளிவிடும் வாயு அது. கார்னேஷன் அதைக் கொஞ்சம் சுவாசித்தாலே இதழை உட்பக்கமாகச் சுருட்டிக்கொள்ளும். ஆர்க்கிட்டும் சீக்கிரம் துவளும். வெட்டியதும் வெள்ளி உப்புக் கரைசலில் நிறுத்துவது எத்திலீனைப் பூ உணராமல் தடுக்கத்தான். நம் கல்யாண மண்டபத்திலோ முந்தின இரவு சீர்வரிசைப் பழத்தட்டும் மேடைப் பூவும் ஒரே ஏசி அறையில், கதவைச் சாத்தி வைக்கப்படுகின்றன. சித்திரை வைகாசி மாம்பழக் காலம் வேறு. பழத்தட்டை வேறு அறைக்கு மாற்றக் காசு செலவில்லை. அதற்கும் இடமில்லை என்றால் அந்த இரவுக்கு ஜன்னலையாவது திறந்து வையுங்கள்.